வெள்ளை மண் கரைந்த மலை

ஜெயக்கொடி அக்கா போய்விட்டார் என்ற செய்தி, மங்கலம்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு வந்தது. போனில் முதலில் அழுகைதான் கேட்டது. யார், என்ன என்று விளங்குவதற்குள் என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மாரடைப்பாம். செய்தி வருமுன்னே நடுங்குவது என் சுபாவம். விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். "குமாரு, நாளைக்கு வர்ற பயத்துக்கு இன்னைக்கே பாய் விரிச்சு வச்சிருப்ப நீ" என்று யூனிட்டில் அக்கா கேலி செய்வார்.

சூளையைப் பழுது பார்க்க நிறுத்தும் நாட்களில் குடும்பத்தோடு எங்காவது போய்வருவது நம் வழக்கம். ஒரு வருடம் அக்கா கல்வராயன் மலை என்றார். காட்டுப்பாதையில் ஏறி, மேலே வெட்டவெளிச் சரிவைச் சுற்றி, மறுபக்கமாக இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் நடை. முந்தின வாரமே அவர் தம்பியோடு போய், வழி பிரியும் இடங்களில் எல்லாம் யூனிட்டிலிருந்து எடுத்துப்போன வெள்ளை மண் குழம்பால் பாறையில் கோடு இழுத்துவிட்டு வந்தார். "கண்ண மூடிக்கிட்டு வாங்க. மதியச் சோத்துக்கு வண்டிக்கு வந்துடலாம்" என்றார். அதை நம்பி என் மனைவி, மகள் பூங்குழலியின் இன்ஹேலரை வேனிலேயே விட்டுவிட்டாள். அப்போது குழந்தைக்கு ஆறு வயது. அவ்வப்போது இளைப்பு வரும்.

காட்டுக்குள் பாதை ஒன்றுதான். மேலே புல்வெளிக்கு வந்ததும் மூடுபனி இறங்கியது, பாதை இரண்டாகப் பிரிந்தது. பாறையில் கோட்டைக் காணவில்லை. வாரத்தின் நடுவே அங்கே மழை பெய்திருக்கிறது.

"சுடாத மண்ணு கரையும்னு நம்மூர்ல கைக்குழந்தைக்கும் தெரியுமேக்கா" என்றார் அச்சு வார்க்கும் பழனி. யாரும் சிரிக்கவில்லை.

பனியில் அக்காவுக்கே இடம் பிடிபடவில்லை. பழனி இடப்பக்கம் என்றார், நான் வலப்பக்கம் என்றேன். குரல்கள் உயர்ந்தன. அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குப் பயமா இருக்குதுப்பா. வழி தெரியல. உங்களுக்கும் பயமா இருந்தா வாய வுட்டுச் சொல்லிடுங்க. மனசுல வச்சிக்கிட்டு நடக்காதீங்க."

அக்கா வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. தனக்குக் கால் நடுங்குவதாகப் பழனி ஒப்புக்கொண்டார். அப்போதுதான் பூங்குழலி அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, எனக்கு மூச்சு முட்டுது. அப்பா பயப்படுவாங்கன்னு சொல்லல."

அவள் நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே விசில் சத்தம். உதடு வெளுத்துக்கொண்டிருந்தது.

"தெரியாத வழி ரெண்டு, தெரிஞ்ச வழி ஒண்ணு. திரும்புங்க" என்றார் அக்கா. பழனி முன்னால் ஓடினார். அக்கா குழந்தையை நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பேசாத கண்ணு, மெதுவா மூச்சு வுடு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். பாதி வழியில் பழனி இன்ஹேலரோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். மருந்து உள்ளே போய் உதட்டில் நிறம் திரும்பியபோது, அக்கா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பிறகு யூனிட்டில் அந்தக் கோடுகளைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. "மலையச் சூளையில வச்சுச் சுட மறந்துட்டேன், வுடுங்க" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சுற்றை முடிக்க வேண்டும் என்று மட்டும் அவர் திரும்பக் கேட்டதே இல்லை.

நம்மை நம்பி வந்தவர்கள் முன்னால் பயத்தை ஒளிப்பதுதான் தைரியம் என்று நான் நினைத்திருந்தேன். அன்று அக்காவும் அப்படி நினைத்திருந்தால், என் குழந்தை இன்னும் கொஞ்ச தூரம் வாய் திறக்காமலே நடந்திருப்பாள். அதற்கு மேல் யோசிக்க இன்றும் எனக்குத் தெம்பில்லை.

அக்காவின் நினைவாக உன்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், என் மகள் இருக்கிறாள் என்பேன்.