என் நாத்தனார் எறிந்த செங்கல்

இன்று காலை என் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது!

(பதறாதீர்கள். நான் வெளியில்தான் இருக்கிறேன். தங்கச்சி வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன்.)

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து பெரம்பலூரில் நாங்கள் வீடு கட்டுவது உங்களுக்குத் தெரியும். கட்டுவது என்றால், மச்சான் (என் வீட்டுக்காரர்தான்) துபாயிலிருந்து போனில் கட்டுகிறார், நான் இங்கே நின்று டீ போடுகிறேன்.

கீழ்வீடு முடிந்து குடிவந்தாயிற்று. மாடியில் சுவர் எழும்புகிறது. மேஸ்திரி கோவிந்தன் அண்ணன், கல்லும் கலவையும் சுமக்கும் நான்கு சித்தாள்கள்.

அதில் மூத்தவர் அஞ்சலை அக்கா. குரும்பலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். மகள் பத்தாவது பாஸ். மேலே படிக்க வைக்க கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை வேண்டும், அதில் பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு.

“ரெண்டு வாட்டி ஆபீஸுக்குப் போயிட்டு வந்துட்டேன் பாயம்மா. வேலை பாக்குற எடத்துல கையெழுத்து வாங்கியாங்குறாங்க. மேஸ்திரி போட மாட்டேங்குறாரு. அட்டை இல்லன்னா அவளும் என்கூட சட்டி தூக்க வரவேண்டியதுதான்.”

மேஸ்திரியிடம் கேட்டேன். மனுஷன் நடுங்கிவிட்டார்!

“கையெழுத்துப் போட்டா அபராதம் அது இதுன்னு நாமளே போயி மாட்டுன மாதிரி ஆயிடும் பாயம்மா. ஆபீஸ்காரங்க யாராச்சும் வந்தா, எல்லாரும் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. டவுன்ல எல்லா கட்டடத்துலயும் அப்புடித்தான்.”

நானும் தலையாட்டி வைத்தேன். (தலையாட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது.)

இப்போது ஜீப்புக்கு வருவோம்.

“தொழிலாளர் ஆபீஸ்!” என்று யாரோ கத்த, நான்கு பேரும் என் ஹாலுக்குள் பாய்ந்துவிட்டார்கள். மேஸ்திரி மாடியிலேயே நின்று, கலவை பூசும் கரணையை ஒளித்துவிட்டு, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் விருந்தாளிகளுக்கான பீங்கான் கப்புகளை எடுத்தேன். ஆளுக்கு ஒரு டீ, இரண்டு பேரீச்சம்பழம். என் துப்பட்டியை எடுத்து அஞ்சலை அக்கா தலையில் போட்டேன்.

தலையில் சட்டி வைக்கிற சும்மாடு அப்படியே இருந்ததைப் பார்க்கவில்லை!

ஆபீஸர் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தார்.

“இங்க கட்டட வேலைக்கு எத்தன பேரும்மா இருக்காங்க?”

“யாருமே இல்லங்க சார்! இவங்கல்லாம் எங்க சொந்தக்காரங்க. இது என் நாத்தனார்.”

அவர் நாத்தனாரைப் பார்த்தார். நெற்றியில் வட்டமாகக் குங்குமப் பொட்டு. கையில் முழங்கை வரை சிமெண்ட்.

“உங்க நாத்தனாருக்குத் தலையில என்னம்மா வீங்கியிருக்கு?”

“அடிபட்டுடுச்சு சார்.” யா அல்லாஹ், என் வாய் எப்படித்தான் அப்படிச் சொன்னதோ!

அவர் பெருமூச்சு விட்டார். “சரிம்மா. வேலை செய்யுறவங்க இருந்தா அட்டைக்கு ஃபாரம் குடுத்து இங்கயே எழுதி வாங்கிக்கலாம்னுதான் வந்தேன். ஆள் இல்லன்னா அடுத்த கட்டடத்துக்குப் போறேன்.”

அட்டை!

அஞ்சலை அக்கா கையிலிருந்த கப்பை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். (கப்பில் டீ இருந்தது.)

“சார், நான் நாத்தனார் இல்ல சார்! சித்தாள் சார்!”

“இப்பத்தானேம்மா சொந்தம்னாங்க? அட்டைன்னு சொன்னதும் சித்தாளா? வேலைக்கே போவாதவங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்து என் தலைய உருட்டுறாங்க. நான் எப்புடி நம்புறது?”

அக்கா முற்றத்துப் பக்கம் எட்டி, மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். “மேஸ்திரி, நீயாச்சும் சொல்லேன்யா!”

மேஸ்திரி வானத்தையே பார்த்துக்கொண்டு, “நான் விருந்துக்கு வந்தவன் சார்” என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சொன்ன பொய்யால் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு போகிறது. ஆபீஸர் வாசல் வரை போய்விட்டார்.

அஞ்சலை அக்கா விடுவிடுவென்று முற்றத்துக்குப் போனார். துப்பட்டியை இடுப்பில் இழுத்துச் சொருகினார். அடுக்கியிருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்தார்.

“மேஸ்திரி, கல்லு!”

வீசினார் பாருங்கள்! சுழலாமல் நேராக மாடிக்குப் போனது.

விருந்துக்கு வந்தவர் என்ன செய்வார்? குனிந்து ஓடுவார். இவர் கை தானாக நீண்டது, லபக்கென்று பிடித்தது, பக்கத்தில் அடுக்கியது, அடுத்த கல்லுக்கு மறுபடி நீண்டது!

இரண்டாவது கல். பிடித்தார். மூன்றாவது. பிடித்தார். நான்காவது கல்லோடுதான் மனுஷனுக்குச் சுயநினைவு வந்தது. கல்லும் கையுமாக அப்படியே நின்றார்.

ஆபீஸர் சிரித்த சிரிப்பில் ஜீப் டிரைவரே இறங்கி வந்துவிட்டார்!

“எறங்கி வாங்க விருந்தாளி. உங்களப் புடிக்க வரல. உங்களுக்கும் அட்டை உண்டு.”

“எனக்குமா சார்?” இத்தனை வருடம் எதற்கு ஒளிந்தோம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

ஐந்து ஃபாரம் எழுதினார்கள். கையெழுத்துப் போட மேஸ்திரி பேனாவைத் தேடுவதாக நடித்துக்கொண்டே இருந்தார்.

“வூட்டுக்காரம்மா போட்டாலே போதும்” என்றார் ஆபீஸர்.

‘வேலை அளிப்பவர்’ என்ற இடத்தில் என் பெயர்! ரேஷன் கார்டில் ‘இல்லத்தரசி’ என்று இருக்கிற அதே நான்! ஐந்திலும் போட்டேன். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்தேன்.

அஞ்சலை அக்கா ஃபாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எம்புள்ள சட்டி தூக்க வரமாட்டா பாயம்மா” என்றார். அல்ஹம்துலில்லாஹ், வேறென்ன சொல்ல.

மத்தியானம் மச்சானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏன் புள்ள, ஊருக்கு வர லீவு ஃபாரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு என் கஃபீல்கிட்ட ரெண்டு வருசமா கேக்குறேன். நீ அஞ்சு நிமிசத்துல அஞ்சு போட்டுட்ட. பேசாம உன்கிட்டயே வேலைக்கு வந்துடவா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். (கஃபீல் என்றால் அங்கே வேலை கொடுத்த முதலாளி, அவர் கையெழுத்தில்லாமல் ஊருக்கு வர முடியாது.)

“வாங்க மச்சான். கல்லு புடிக்கத் தெரியுமா?” என்றேன்.

நான் இப்போது ஐந்து பேருக்குக் கஃபீல். ஆறாவது ஃபாரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். துபாயில் இருப்பவருக்கு அது செல்லுமா, விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்?