கைதட்டலுக்குப் பிறகு

சிறுவயதில் தொலைக்காட்சி நேர்காணல் தொகுப்பாளர் ஒருவரை மிகவும் நேசித்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, எதிரிலிருப்பவர் மனம் திறக்கும்வரை அமைதியாகக் காத்திருப்பார். பட்டம் பெற்றபின், மலேசியாவில் எங்கள் ஊரான பெம்பானின் பொதுமண்டபத்தில் பெண்களுக்கான கலந்துரையாடலை நடத்தியபோது நானும் அவ்வாறே செய்தேன்.

எங்கள் தாமான் குடியிருப்பில் வசிக்கும் ஓர் அக்காவிடம், "வீட்டில் நிம்மதியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டு, ஒலிவாங்கியை நீட்டியபடி காத்திருந்தேன். கணவர் அடிப்பதை அவர் அழுதுகொண்டே சொன்னார். கூட்டம் கைதட்டியது. நான் பெருமிதம் கொண்டேன்.

மறுநாள் அவர் உதடு வீங்கியிருந்தது. போலீசில் புகார் கொடுக்கலாம் என்றேன்.

"டிவில அழுறவங்க எங்கயோ போயிடுவாங்க தம்பி. நான் அந்த மனுசன்கிட்டதானே லா திரும்பிப் போனேன்?"

முந்தைய நாள் நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் நாற்காலிகளை அடுக்கினோம், சேர்ந்து படமெடுத்துக்கொண்டோம். அவருடன் வீடுவரை ஒருவர்கூடச் செல்லவில்லை.