டைல்ஸ் ஒட்டிய ஹாலுக்கு ஒரு ரிசீவர்

புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகியும் அம்மா ஹாலில் உட்காரவில்லை. சாயங்காலத் தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில் சமையலறை மேடைமேல் கைப்பேசியைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைப்பார். காதில் வயரை மாட்டிக்கொண்டு நின்றபடியே பார்ப்பார். அதே தொடரை ஹாலில் பெரிய டிவியில் அப்பா தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கைப்பேசியில் எல்லாம் சற்றுத் தாமதமாகத்தான் வரும். ஹாலில் அழுது முடித்த மருமகள் சமையலறையில் அப்போதுதான் அழத் தொடங்குவாள்.

வாடகை வீட்டில் இருந்தவரை இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, தொடரில் வரும் மாமியாரை ஒன்றாகத் திட்டியவர்கள். ஒருநாள் வண்டியைத் துடைத்துக்கொண்டே அப்பா என்னிடம் சொன்னார்.

"உங்கம்மாவுக்கு இந்த வூடு புடிக்கல பாப்பா."

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவைக் கேட்டேன். "வூட்டுக்கு என்னடி? டிவியில பேசுறது வெளங்கல. சத்தம் இருக்குது, பேச்சு இல்ல" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வீடு பிடிக்கவில்லை என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பேச்சு விளங்கவில்லை என்றால் அது என் துறை. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதித்துக் கொடுப்பவள். ஒல்லி டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் தரையைப் பார்த்துப் பேசுகிறது, அதுதான் கோளாறு என்று முடிவு செய்தேன். நல்ல ரிசீவர் ஒன்றும், பேச்சுக்கென்று நடுவில் வைக்கும் ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கினால் தீர்ந்துவிடும்.

"ரிசீவரா? அதான் டிஷ்ஷோட வந்துச்சே" என்றார் அப்பா.

"அது வேறப்பா. இது டிவி சத்தத்த வாங்கி, பிரிச்சு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்புற பொட்டி. பேச்சு மட்டும் நடு ஸ்பீக்கர்ல வரும்."

"அப்ப ஆம்புன்னு சொல்லு."

வேண்டியவை, வேண்டாதவை, விலை என்று பட்டியல் போட உட்கார்ந்தேன். பட்டியல் போட்டால் எனக்கு எதுவும் தெளிவாகிவிடும். இது மட்டும் போடப்போடக் கலங்கியது. ஒரே பெட்டிக்கு மூன்று இடத்தில் மூன்று வாட் கணக்கு இருந்தது. இரண்டு ஸ்பீக்கர் மட்டும் ஓடும்போது ஒரு கணக்கு, எல்லாம் ஓடும்போது இன்னொன்று, எப்படி அளந்தார்கள் என்றே சொல்லாத மூன்றாவது ஒன்று. ஐந்து ஸ்பீக்கர் போதும் என்றார் ஒருவர். ஏழு இல்லாமல் வாங்குவது வீண் என்றார் அடுத்தவர். ஒரு பெட்டியின் ஒலி "இதமானது" என்று பாராட்டியிருந்தார்கள். அதே பெட்டியின் ஒலி "மந்தமானது" என்று அதே பக்கத்தில் கீழே திட்டியிருந்தார்கள். டிவியின் பின்னால் ரிசீவரின் வயரைச் சொருகும் துளை இருக்கிறதா என்று பார்க்க டிவியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். "டைல்ஸுல கீறல் வுழும்" என்று அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. கைப்பேசியை இடுக்கில் விட்டுப் படம் எடுத்தேன். படத்தில் ஒரு பல்லி இருந்தது.

ஒரு வழியாக, எங்கள் கைக்கு எட்டும் விலையில் மூன்று மிஞ்சின. பெரிய நிறுவனம் செய்த நடுத்தரப் பெட்டி ஒன்று, அதே நிறுவனத்தின் சின்னப் பெட்டி ஒன்று, உள்ளூர்க் கடைக்காரரே உதிரிகளை வாங்கிப் பூட்டித் தரும் ஆம்ப் ஒன்று. மூன்றும் கிடைக்கும் கடை கடைத்தெருவிலேயே இருந்தது. அப்பாவும் வந்தார்.

"வாட்டப் பாரு பாப்பா" என்று ஆரம்பித்தார் கடைக்காரர், தானே பூட்டிய ஆம்பைத் தடவிக்கொண்டு. "இங்க பேஸ் போட்டா அவ்ளோ தூரத்துல வேப்பூர் கூட்ரோட்டுல லாரி டிரைவரு திரும்பிப் பாப்பான்."

"லாரி டிரைவருக்கு எதுக்கு தம்பி? எம் பொண்டாட்டிக்குப் பேச்சு வெளங்கணும்" என்றார் அப்பா.

பிறகு அவர் ஸ்பீக்கர் பெட்டிகளை விரல் மடக்கித் தட்ட ஆரம்பித்தார். பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பார்ப்பவர் அவர். சூளையிலிருந்து இறக்கிய ஃபியூஸ் கட்டையைத் தட்டினால் 'கிண்' என்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல், ஒதுக்கிவிடுவார்கள். வீட்டுக்கு டைல்ஸ் வாங்கியபோதும் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் ஒன்றை உருவித் தட்டிப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினார். இப்போது கனமான மரப்பெட்டியைத் தட்டினார், முகம் சுருங்கியது.

"டப்புன்னு இருக்குது. உள்ள வெடிச்சிருக்கும்."

மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியைத் தட்டினார். அது கலகலத்தது. "இது பரவால்ல."

"ஸ்பீக்கர் பொட்டி ஒலிக்கக் கூடாதுப்பா. பொட்டி ஒலிச்சா, பேச்சு மேல பொட்டி சத்தமும் ஏறிக்கும். வெளங்காது."

"ஒலிக்காத சாமான எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

"ரெண்டு பேரு சொல்றதும் ரைட்டுதான்" என்றார் கடைக்காரர். யாருக்கு எதை விற்பது என்று அவருக்கும் குழம்பிவிட்டது போலிருந்தது. கடைசியில், "அண்ணே, தெரிஞ்சவங்கதானே, எடுத்துக்கிட்டுப் போயி வூட்டுல போட்டுக் கேளுங்க. புடிக்கலன்னா கொண்டாந்து குடுங்க" என்று நடுத்தரப் பெட்டியையும் மூன்று மர ஸ்பீக்கர்களையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அன்று சாயங்காலமே இணைத்தேன். அம்மா வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். தொடர் ஆரம்பித்தது. முன்பு ஒரு மூலையிலிருந்து வந்த இரைச்சல் இப்போது அறை முழுவதிலிருந்தும் வந்தது.

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்ற மாதிரி இருக்குது" என்றபடி அம்மா எழுந்து உள்ளே போனார்.

"டப்பா என்ன பண்ணும் பாப்பா" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேச்சை ஏற்றினேன். பேஸைக் குறைத்தேன். அறையை அளப்பதற்கென்று பெட்டியோடு வந்த சின்ன மைக்கை சோபாவில் வைத்தேன். அது ஊய் ஊய் என்று கூவிப் பார்த்துவிட்டு, எதிரில் இருக்கும் ஸ்பீக்கர் ஏதோ தெருக்கோடியில் இருப்பதுபோல ஒரு தூரம் சொன்னது. மைக் கெட்டுப்போயிருக்கும் என்று எழுதி வைத்தேன். அடுத்து எதை மாற்றுவது என்று தெரியவில்லை. மாற்றக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மாடியில் காயப்போட்டிருந்த கம்பளிகளையும் போர்வைகளையும் அம்மா அள்ளிவந்து, இந்த ஜன்னல் கம்பிக்கும் எதிர் ஜன்னல் கம்பிக்கும் கயிறு இழுத்து, ஹாலிலேயே தொங்கவிட்டார். மிச்சத்தை சோபாவிலும் நாற்காலிகளிலும் விரித்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஈரப் போர்வை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இவ சொல்றத நம்பாதடா, புளுகுணி" என்று தொடரில் வரும் மகனிடம் சொன்னார். பிறகு போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் எந்தப் பொத்தானையும் தொட்டிருக்கவில்லை.

ஒருமுறை நடந்ததை நம்புவது என் தொழிலில் வழக்கமில்லை. மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் துணிகளை எல்லாம் எடுத்துவிட்டு, நடு ஹாலில் நின்று கைதட்டினேன். தட்டிய ஒலி எதிர்ச் சுவருக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய், 'டிர்ர்' என்று நடுங்கி அடங்கியது. கம்பளிகளை மாட்டிவிட்டுத் தட்டினேன். தட்டினால் தட்டியதோடு சரி. கடையில் அப்பாவிடம் பெட்டியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் எங்கள் ஹாலுக்கும் பொருந்தும். நாங்கள் குடியிருப்பதே ஒலிக்கிற பெட்டிக்குள்தான்.

அப்பாவிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டம். தரையிலிருந்து கூரை வரை நான்கு சுவரிலும் டைல்ஸ் வேண்டும் என்றவர் அவர். மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. புதுமனை புகுவிழா அன்று அம்மாவின் தம்பி, "என்ன மாமா, குளிக்கிற ரூம காட்டுங்கன்னா ஹாலுல வுட்டுட்டீங்க?" என்று எல்லோர் முன்னும் கேட்டுச் சிரித்தார். அப்பா அன்று சாப்பாட்டுப் பந்தியில் உட்காரவே இல்லை.

சாயங்காலம் அவர் டீ குடிக்கும்போது சொன்னேன். சுவர் வழவழப்பாக இருப்பதால் சத்தம் அடங்காமல் சுற்றுகிறது, பேச்சோடு பேச்சு மோதிக்கொள்கிறது என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒடைக்கச் சொல்றியா?"

"இல்லப்பா. ஒரு பக்கம் கனமா துணி தொங்கவுட்டா போதும்."

"இது வூடா, துணிக்கடையா? அவளுக்கு இங்க உக்காரப் புடிக்கல, அதுக்குச் செவுரு மேல பழி போடறீங்க."

அம்மா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். "யாரு சொன்னா புடிக்கலன்னு? கேக்கலன்னுதானே உள்ள போனேன்."

"ஒரு வருசமா அத சொல்ல வாயில்லையா?"

"ஒவ்வொரு டைல்ஸா தட்டித் தட்டி வாங்கியாந்தீங்க. அதப் போயி நொட்ட சொல்லுவாங்களா? எந்தம்பி ஒருத்தன் சொன்னது பத்தாதா?"

டீ ஆறி ஏடு கட்டியது. அப்பா எழுந்து வெளியே போனார். செருப்புச் சத்தம் தெருவரை போவதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் நின்றோம். தப்பான நேரத்தில் சரியானதைச் சொல்லிவிட்டேனா என்று யோசித்தேன். எந்த நேரம் சரியான நேரம் என்றும் தெரியவில்லை.

தொடர் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பி வந்தார். கயிற்றை எடுத்து ஜன்னலுக்கு ஜன்னல் கட்டினார். மடித்து வைத்திருந்த கம்பளிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார். டிவிக்கு எதிர்ச் சுவரையும் ஒரு பக்கச் சுவரையும் மறைத்தார். டிவி இருக்கும் சுவரை மட்டும் விட்டுவிட்டார். "அது தெரியட்டும்" என்றார்.

நடுத்தரப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சின்னதை வாங்கிவந்தேன். அறை அடங்கியபின் அவ்வளவு வாட் தேவைப்படவில்லை என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைக்காரர், "ஏன் பாப்பா, அதுல என்ன கொறை?" என்று கேட்டபோது ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். அது உண்மைதான்.

புதுப் பெட்டியை மாட்டிய அன்று மூவரும் உட்கார்ந்தோம். மாமியார் பேசிய ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. அம்மா கால் இரண்டையும் சோபாமேல் தூக்கி மடக்கிக்கொண்டார். பாதித் தொடரில் அவர் பார்வை டிவிக்கு மேலே போனது.

"ஏங்க, அந்தப் பூ டைல்ஸு வரிசையில மூணாவது தலகீழா இருக்குது."

"எது?"

"அதோ. எல்லாத்துலயும் மொட்டு மேல பாத்து இருக்குது, அது மட்டும் கீழ பாத்து."

"அதெல்லாம் இல்ல. நான் நின்னு ஒட்டவச்சது."

"எந்திரிச்சுப் பாருங்களேன்."

அப்பா எழுந்து போய்ப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார். அம்மாவும் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று, விரலை நீட்டிக் காட்டினார். "இத்தினி நாளா இத ஒருத்தரும் பாக்கலியே" என்றார் அப்பா. "உக்காந்தாத்தானே தெரியும்" என்றார் அம்மா. அந்த ஒன்றை மட்டும் பெயர்த்துத் திருப்பி ஒட்டலாமா, பக்கத்து டைல்ஸ் உடையுமா என்று இருவரும் வாதாடத் தொடங்கினார்கள். தொடரில் யாரோ முக்கியமான எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ரிமோட்டை எடுத்து ஒலியைக் குறைத்தேன்.