நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் தண்ணீரோடு போங்கள்

நானும் கணவர் குகனும் வவுனியாவில் இருக்கிறோம். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருமுறை பாவித்துவிட்டு எறியும் எதையும் வாங்குவதில்லை. சந்தைக்குத் துணிப்பை, மீனுக்கு மூடி போட்ட சட்டி, வெளியே போனால் ஆளுக்கொரு எவர்சில்வர் போத்தல். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே கதைப்பேன் போலிருக்கிறது. “வீட்டிலை இருந்துகொண்டு நல்லபிள்ளைக்கு நடிக்கலாம், பயணத்திலை நடிச்சுக் காட்டும் பாப்பம்” என்று குகன் ஒருநாள் சீண்டினார். அந்த ரோஷத்தில்தான் இந்தப் பங்குனி நடுப்பகுதியில் தீவுகளுக்குக் கிளம்பினோம். கடல் அடங்கியிருக்கும் காலம் அது.

நெடுந்தீவில் தங்குவதற்கு ஒரு நண்பி ஜெசிந்தா அக்காவின் வீட்டைச் சொன்னாள். அக்காவின் கணவர் யூட் அண்ணை கடலுக்குப் போகிறவர். வீட்டின் முன்னறையைப் பயணிகளுக்கு விடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கும் இரண்டு மகள்மாரின் செலவு அந்த அறையால்தான் ஓடுகிறது. ஆனால் நான் தொலைபேசியில் கேட்டபோது, “வாங்கோ. நீங்கள்தான் கடைசி ஆக்கள். உயிர்த்த ஞாயிறோடை அறையைப் பூட்டப்போறன்” என்றார். பிள்ளைகள் இன்னும் படித்து முடிக்கவில்லையே, பிறகு ஏன்? கேட்டேன். “வந்தாப் பிறகு சொல்லுறன்” என்று வைத்துவிட்டார்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து காலை ஆறே முக்காலுக்குக் குறிகட்டுவான் பஸ். ஆளுக்கு இருநூற்று இருபது ரூபாய் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். வேலணை கடந்து புங்குடுதீவுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் கடல். ஜன்னலோரத்தில் இருந்தால் பாதை கண்ணில் படாது, பஸ் தண்ணீரின் மேலேயே போவது போல இருக்கும். தண்ணீர் அசையவில்லை. கொக்குகள் முழங்காலளவு நீரில் தங்கள் பாட்டில் நின்றன. எனக்கு நித்திரையா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை வந்துவிட்டது. இறுப்பிட்டியில் ஒரு பெண் கோழிக்கூடையோடு ஏறியபோதுதான் தெளிந்தேன்.

முன்பகல் நயினாதீவு. குறிகட்டுவானிலிருந்து இருபது நிமிடப் படகு. கோயிலைச் சுற்றிவிட்டு, மடத்தில் இலையில் சோறு சாப்பிட்டு, மீண்டும் குறிகட்டுவானுக்கு வந்தோம். நெடுந்தீவுப் படகு இரண்டரைக்கு. அதில் ஏறிப் பாருங்கள், ஒரு ஊருக்கு என்னவெல்லாம் தேவை என்று தெரியும். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கதிரை, பிஸ்கட் பெட்டி, தகரம், யாரோ ஒருவரின் புதுத் தையல் இயந்திரம். நான் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பொலித்தீன் சுற்றிய தண்ணீர்ப் போத்தல் கட்டுகள் இரண்டு கிடந்தன. “ஆருக்கு இவ்வளவு? உல்லாசப் பயணியளுக்காக்கும்” என்று குகனிடம் உச்சுக்கொட்டினேன். பிறகு அதே கட்டுகளில் வசதியாகச் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் கடலைப் பார்த்தேன். வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து, கடைசியில் வானம் எது கடல் எது என்ற கவலையே இல்லாமல் போனது.

இறங்குதுறையில் யூட் அண்ணை ஒரு பழைய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தோடு நின்றார். எங்கள் பைகளை அதன் பின் பெட்டியில் ஏற்றினார். பிறகு படகுக்குள் போய் அந்த இரண்டு போத்தல் கட்டுகளையும் தூக்கி வந்து பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். “உங்களுக்குத்தான். மனுசி சொல்லி எடுப்பிச்சவ” என்றார். குகன் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்கினால் அவருக்குத் தோள் குலுங்கும்.

வீடு பவளப்பாறையில் எடுத்த முருகைக்கல் மதில்களுக்குள்ளே, பூவரசுகளுக்கு நடுவில். ஜெசிந்தா அக்கா ஐம்பதை எட்டாதவர், வேகமாக நடப்பவர். எங்களைக் கதிரையில் இருத்திவிட்டு போத்தல் கட்டு ஒன்றைப் பிரிக்கப் போனார்.

“அக்கா, நாங்கள் போத்தல் தண்ணி குடிக்கிறேல்லை. நீங்கள் குடிக்கிறதைத் தாங்கோ, காணும்” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அவர் கை ஒரு கணம் நின்றது. “ஓம், ஓம்” என்று குசினிக்குப் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். பானைத் தண்ணீர், குளிர்ந்து இனித்தது. நான் இரண்டு செம்பு குடித்தேன். எங்கள் போத்தல்களையும் நிரப்பித் தரச் சொன்னேன். நிரப்பித் தந்தார்.

அன்று பின்னேரத்தை எப்படி எழுதுவது? ஒல்லாந்தர் கோட்டைப் பக்கமாக நடந்தோம். மரங்கள் குறைந்த சமதரை, எங்கே பார்த்தாலும் சாம்பல் நிற மதில்கள், அவற்றின் நிழல் நீண்டு கொண்டே போனது. தூரத்தில் குதிரைகள் மேய்ந்தன. கிட்டப் போனால் விலகின, நின்றால் அவையும் நின்றன. ஒரு வாகனச் சத்தமும் இல்லை. எங்கோ ஒரு மாடு கத்தியது, அதற்குப் பதிலாக இன்னொன்று. நாங்கள் இருவரும் கதைக்க மறந்து போனோம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இவ்வளவு நேரம் நான் வாய்மூடி இருந்தது அன்றுதான் என்று குகன் பிறகு சொன்னார்.

காலையில் தேத்தண்ணி வந்தது. குகன் தவறுதலாக யூட் அண்ணையின் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். முகம் கோணிப் போனது. என்னிடம் நீட்டினார். நானும் குடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

“அண்ணை, இது என்ன?”

“அது எங்கட கிணத்துத் தண்ணி. பழகிப்போச்சு” என்றார் அவர், கோப்பையை வாங்கிக்கொண்டே.

அப்போதுதான் விளங்கியது. இந்தப் பக்கத்துக் கிணறுகள் உவர். மழை நின்றால் இன்னும் உவர்க்கும். குடிக்கிற தண்ணீர் பவுசர் என்கிற தண்ணீர் லொறியில் வருவது, அடுத்த பவுசர் நாளைக்குத்தான். நான் குடித்து, நிரப்பி, முகமும் கழுவியது அவர்கள் வீட்டின் மிச்சத் தண்ணீர். வெட்கம் என்றால் வெட்கம்.

“சொல்லியிருக்கலாமே அக்கா!”

“என்னெண்டு சொல்லுறது? தண்ணி கேட்ட ஆளுக்கு இல்லையெண்டோ?” என்றார் ஜெசிந்தா அக்கா. பிறகு எழும்பி, “வாரும், அறை பூட்டுற கதையைக் காட்டுறன்” என்று கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார்.

பழைய வலை போட்டு மூடிய ஒரு குவியல். வலையை விலக்கினார். போத்தல்கள், போத்தல்கள். மூன்று வருட விருந்தாளிகள் குடித்து முடித்தவை. எரித்தால் புகை தாங்க ஏலாது, பக்கத்தில் மாடுகள். ஒருமுறை யூட் அண்ணை கொஞ்சத்தைக் கடலில் கொட்டியிருக்கிறார். “மூண்டாம் நாள் இவரின்ரை வலைக்குள்ளை அதே போத்தில். நாங்கள் போட்டதுதான், மூடியிலை சின்னவள் மை பூசினவள்” என்றார் அக்கா. “போத்தில் குடுத்தா இந்தக் குப்பை. குடுக்காட்டி எங்களுக்குத் தண்ணி இல்லை. அதுதான் பூட்டுறன். மூத்தவளைத் திருப்பிக் கூப்பிடுறதெண்டு முடிவு.”

“வாற ஆக்களைத் தண்ணி கொண்டு வரச் சொல்லுங்கோவன். பிளாஸ்ரிக் கானிலை கொண்டு வந்து, வெறுங்கானோடை திரும்பிப் போகட்டும்” என்றேன்.

“அது எனக்குத் தெரியாமலோ?” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்டுக்கு வாற ஆக்களிட்டைத் தண்ணி சுமந்து வாங்கோ எண்டு என்ரை வாயாலை கேக்க ஏலாது.”

“அப்ப நான் என்ரை பயணக் கட்டுரையிலை எழுதுறன்.”

“எங்கட வீட்டிலை தண்ணியில்லை எண்டு ஊருலகத்துக்குச் சொல்லப் போறீரோ?”

உள்ளே வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். புறப்படும்போது குகன் இரண்டு அரிசிச் சாக்கில் போத்தல்களை நிரப்பிக் கட்டினார். அதை மட்டும் அக்கா தடுக்கவில்லை. பிரிக்காத இரண்டு கட்டுகளையும் பவுசர் வரும்வரை அவர்களே குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம். திரும்பும் படகில் சாக்குகள் எங்கள் காலடியில் கலகலத்தன. யாழ்ப்பாணத்தில் பழைய பிளாஸ்டிக் எடுக்கும் ஒரு கடையில் கொடுத்தோம். வழி நெடுகக் கடல் அன்றும் அப்படியே பளபளத்துக்கொண்டு கிடந்தது, ஆனால் எனக்கு அதில் மனம் லயிக்கவில்லை.

இந்த இரண்டு வருடமும் நான் எதை வாங்கவில்லை என்பதைத்தான் பார்த்திருக்கிறேன். வாங்காமல் விட்டதற்குப் பதிலாக யாருடையதை எடுத்துக்கொண்டேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வவுனியாவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதனால் கேட்கத் தேவைப்படவில்லை.

கட்டுரையை எழுதி வைத்தேன், வெளியில் போடவில்லை. உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய கிழமை ஜெசிந்தா அக்கா தானே தொலைபேசி எடுத்தார். “எழுதினீரோ?” என்றார். எழுதினேன் என்றேன். “வாசியும் பாப்பம்.” வாசித்தேன். முடிவில் பயணிகளுக்காக நான் எழுதியிருந்தது இதுதான்:

நெடுந்தீவில் ஒரு இரவு தங்குவதென்றால் ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் நிரப்பித் தரும் கடைகள் இருக்கின்றன, கைபிடி உள்ள கான் போதும். எங்களைப் போல முதலில் நயினாதீவு போவதானால் கானைக் குறிகட்டுவானில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கேட்டு வைத்துவிட்டுப் போங்கள். முகம் கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும். வெளிக்கிடும்போது வெறும் கானோடு, அந்த வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு சாக்குப் போத்தலும் எடுத்து வாருங்கள். இறங்குதுறையில் ஜெசிந்தா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

மறுமுனையில் யூட் அண்ணை தூரத்தில் யாரையோ கூப்பிடுவது கேட்டது.

“போடும்” என்றார் அக்கா. “அறையும் திறந்திருக்கட்டும், மூத்தவள் அங்கையே இருந்து படிக்கட்டும். ஆனா ஒண்டு சேர்த்து எழுதும். வந்து இருந்த உடனை குடிக்கிற முதல் செம்பு என்ரை தண்ணி. அதை ஆரும் வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது. அதுக்குப் பிறகு அவையள் கொண்டு வந்ததைக் குடிக்கட்டும்.”

சேர்த்துவிட்டேன்.