என்ஜின் பக்கத்துக் காது

என் வீட்டுக்காரருக்கு லாரியில் இருபத்தெட்டு வருஷம். லாரிக்கு அதைவிட இரண்டு வயது அதிகம். கிழட்டு டீசல் என்ஜின். குளிர்காலக் காலையில் எழுப்பினால் தெருவே மறையும்படி வெள்ளைப் புகை கக்கும். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால் நடுவழியில் நின்றுவிடும். இவர் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றியபடி, "கோச்சுக்காத தாயி" என்று கெஞ்சுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிக் கெஞ்சியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், அது எங்களை ஒருநாளும் கைவிட்டதில்லை.

இருக்கைக்குப் பக்கத்திலேயே இருந்து இரைந்து இரைந்து இவர் காதைத்தான் தின்றுவிட்டது. முதலில் என்ஜின் பக்கத்துக் காது, அப்புறம் மற்றது. ஒப்புக்கொள்வாரா? வெளியே தெரிந்தால் வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்று பயம். "நீ வாய்க்குள்ளயே பேசுற" என்று என்மேல் பழி போடுவார். நானா! நான் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

போன வாரம் மலைப்பாதையில் சரக்கு ஏற்றிப் போகவேண்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வாசலில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு, என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல டொக் டொக்கென்று கேட்டது. என்ஜினுக்குள் சுழலும் ராடு பேரிங் தேய்ந்தால் இப்படித்தான் தட்டும் என்று எனக்குச் சொன்னதே இவர்தான். மலை இறக்கத்தில் அது உடைந்து என்ஜின் நின்றுபோனால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாது, மனுஷன் வீடு திரும்பமாட்டார்.

ஓடிப்போய் அவர் காதோரம், "என்னங்க, என்ஜின் தட்டுது!" என்றேன்.

"ஒண்ணும் தட்டல. நல்லாத்தான் ஓடுது."

"உங்களுக்குக் காது கேக்கலைங்க!" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஐயோ, ஏன்தான் சொன்னேனோ என்றிருந்தது.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். மெக்கானிக்குகள் அதன் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். இவர் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார்; காது கைவிட்டாலும் பல் வழியாக, எலும்பு வழியாக அதிர்வு மண்டைக்குள் போகுமாம். ஓர் இடத்தில் ஊன்றினார், அப்புறம் இன்னோர் இடம். மூன்றாவது இடத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

என்ஜினை அணைத்துவிட்டு வந்தார்.

"தட்டுது" என்றார். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து வைத்துவிட்டு, "மூணு வருஷமா எதுவுமே சரியா கேக்கலம்மா. உன் குரல்கூட" என்றார்.

இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை; அன்றைக்குக் கண் நிறைந்திருந்தது. கிட்டே வந்து என் நெற்றியோடு தன் நெற்றியை ஒட்டவைத்து, "இப்ப பேசு" என்றார்.

திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். "நாளைக்குப் போகாதீங்க" என்றுதான் வந்தது.

"சரி" என்றார். நெற்றியை எடுக்கவில்லை. "இன்னும் ஏதாவது சொல்லு."