திருப்பி அனுப்பும் அம்மையார்

ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பிய ஒரு விடயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர், முழங்கால் உரசினால் பிளாஸ்ரர் ஒட்டிவிட்டு முதுகில் தட்டும் அந்த அம்மையார், உண்மையில் ஆட்களைப் பிடித்து நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் அரசாங்க அதிகாரி. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சோபாவில் உருண்டு சிரிக்கிறார்கள். கதையின் மிச்சத்தை நான் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அப்போது நாங்கள் இலங்கையிலிருந்து வந்து மெல்பேணில், டண்டினோங்கில் ஒரு இரண்டறை பிளாட்டில் இருந்தோம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். வீட்டில் சத்தமாகச் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருந்தது: ரிட்டேர்ன். மேல்மாடியில் இருந்த அண்ணா ஒருவரை "ரிட்டேர்ன் பண்ணிப்போட்டாங்கள்" என்று அப்பா ஒருநாள் குசினியில் மெல்லச் சொன்னார். அந்த அண்ணாவின் சைக்கிள் மட்டும் படிக்கட்டடியில் நின்றது. அதன்பிறகு பள்ளி நூலகத்தில் 'ரிட்டேர்ன்ஸ்' என்று எழுதிய பெட்டிக்குள் புத்தகம் போடக்கூட எனக்குக் கை கூசியது.

அம்மா ஊரில் பதினொரு வருடம் கணக்கு ரீச்சர். இங்கே ஒரு தொழிற்சாலையில் ஊறுகாய்ப் போத்தல்களுக்கு மூடி பூட்டிக்கொண்டிருந்தார். பள்ளியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. அப்படித்தான் ஒருநாள், பள்ளி நிர்வாக சபைக்குப் பெற்றோர் இருவர் தேவை, விரும்பியவர்கள் படிவம் நிரப்பித் தரலாம், ஆட்கள் கூடினால் தேர்தல் நடக்கும் என்று வாசித்தேன்.

"நான் போடப்போறன்" என்றார் அம்மா.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உம்மட இங்கிலீசுக்கு ஆர் வோட்டுப் போடப்போகினம்?"

"நீங்கள் போடுங்கோவன்."

"நான் ஒண்டு, நீர் ஒண்டு. ரெண்டு வோட்டு. பிறகு?"

"ரெண்டும் ரெண்டும் நாலெண்டு சொல்ல எனக்கு இங்கிலீசு தேவையில்லை. இவ்வளவு நாளும் மூடி பூட்டினது காணும். மாதத்தில ஒருநாளாவது பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு கதிரையில இருக்கவேணும் எனக்கு."

அப்பா எழும்பிப் போய் அகராதியை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

தன்னைப் பற்றி எழுதப் படிவத்தில் நாலு வரி இடம் இருந்தது. அம்மா அந்த நாலு வரிக்கு மூன்று பின்னேரம் எடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் எழுதி, அழித்து, கடைசியில் பேனையால் எழுதினார். வெள்ளிக்கிழமை காலை அதை என் பைக்குள் வைத்தார். "மடிக்காமக் கொண்டுபோ அப்பன். நாலு மணிக்கு முதல் குடுக்கவேணுமாம்."

போகும் வழியில் அம்மாவின் எழுத்தை இன்னொருதரம் பார்க்கத்தான் எடுத்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. படிவத்தை ரிட்டேர்னிங் ஒஃபிசரிடம் கையளிக்கவும். பக்கத்தில் எங்கள் அதிபரின் பெயர்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் 'குட் மோர்னிங்' சொல்வது எண்ணிக்கை எடுக்க. பிளாஸ்ரர் ஒட்டுவது அடையாளம் வைக்க. அம்மாவோ பெயரையும் முகவரியையும் முத்து முத்தாக எழுதி அந்த அதிகாரிக்கே அனுப்புகிறார்! தேர்தலில் தோற்றவர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். வெள்ளைக்காரத் தகப்பன்மார் தோற்றால் எங்கே அனுப்புவார்கள் என்றும் யோசித்தேன். ஒரு மணித்தியாலத் தூரத்திலிருந்த ஜீலோங்குக்கு.

படிவத்தை எட்டாக மடித்துத் தெருவோர மழைநீர்க் கானுக்குள் போட்டேன். நாட்டைக் காப்பாற்றிய தளபதிபோல் நாலு அடி நடந்திருப்பேன். அடுத்த பயம் பிடித்தது. கான் கடலுக்குப் போகும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். கடல் இலங்கைக்குப் போகும் என்பது சொல்லித் தராமலே தெரியும். அம்மாவின் முகவரி மிதந்து மிதந்து காங்கேசன்துறையில் ஒரு ஆமிக்காரனின் சப்பாத்தில் தட்டுவதைக் காலை முழுக்கக் கண்முன் கண்டு, மத்தியானம் தின்ற சான்விச்சை வாந்தி எடுத்தேன். முகம் கழுவிவிட வந்தவர் அதே அம்மையார். குனிந்து, கனிவாக, "வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு வெளியே வந்தது.

பின்னேரம் அம்மா கதவடியிலேயே நின்றார்.

"குடுத்தனியே?"

"ஓம்."

"என்ன சொன்னவா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். "வடிவான கையெழுத்தாம்" என்றேன்.

"மெய்யே? அவ அப்பிடிச் சொன்னவாவே?"

அம்மா உள்ளே போய், ஊரில் வகுப்புக்குப் போகும்போது மட்டும் கட்டும் கைக்கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தார். அப்பாவைக் கூப்பிட்டு, கையெழுத்து விடயத்தைச் சொன்னார். பிறகு மறந்துவிட்டதுபோல் இன்னொருதரம் சொன்னார்.

இரண்டு கிழமையாக நான் பையைக் கழற்ற முன்னரே கேள்வி வந்தது. "ஏதும் தந்தவையே?" கடைசியில் முடிவு வந்தது. பள்ளிச் செய்தியை மஞ்சள் தாளில் அடித்துக் கொடுத்தார்கள். வகுப்பிலேயே வாசித்தேன். யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை என்பது மட்டும்தான் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது. தாளை அங்கேயே குப்பைக்குள் போட்டுவிட்டு வந்து, "வேற ஆக்களை எடுத்திட்டினமாம்" என்றேன்.

அம்மா அடுப்பைத் தணித்தார். "அதுதானே. விசா இல்லாத ஆளை எப்பிடி எடுக்கிறது. அவையில பிழை இல்லை."

"அடுத்த வருசம் போடும்" என்றார் அப்பா.

"காணும்" என்றார் அம்மா.

அடுத்த வருடமும் போடவில்லை. விசா கிடைத்த பிறகும் போடவில்லை. பள்ளிக்கூட விழாக்களுக்கு வந்தால் பின்சுவரோடு நின்றுவிட்டுப் போவார். நானோ, தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தேன்.

ரிட்டேர்னிங் ஒஃபிசர் என்பவர் தேர்தலை நடத்தி முடிவை அறிவிக்கும் ஆள். தமிழில் தெரிவத்தாட்சி அலுவலர். ஊரில் தேர்தல் கடமைக்குப் பலமுறை போன அம்மாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. நடந்ததை இன்றுவரை அவரிடம் சொல்லவும் இல்லை.

அந்த மஞ்சள் தாளில் இருந்தது இவ்வளவுதான். இடங்கள் இரண்டு. வந்த படிவம் ஒன்று. ஆகவே தேர்தல் இல்லை. இரண்டாவது இடத்துக்கு ஒருவரும் முன்வரவில்லை.