ஒரு மாத்திரை கூடப் போட்டுக்க

அன்றைக்குக் காரைக்குடி ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். கட்டிலில் என் அக்கா முத்துலெட்சுமி, வலது பாதம் முழுக்க வெள்ளைத் துணி சுற்றி. ஜன்னலோரம் அவள் வீட்டுக்காரர், எங்கள் அத்தான். கட்டிலுக்கு அங்குட்டு அவர்கள் மகள் கவிதா. ஒக்கூரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த சின்னம்மா, எங்கள் அம்மாவின் தங்கை. ஐந்தாவது ஆள் நான். ஆனால் நான் இருந்தது போனுக்குள்ளே. சின்னம்மா கொண்டுவந்திருந்த எவர்சில்வர் டப்பாவில்தான் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதனால் அந்த டப்பாவின் மூடியைத் திறக்கிற சத்தம் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

முந்தின நாள்தான் அக்காவின் கால் விரல் இரண்டை எடுத்திருந்தார்கள். சுகர். நானோ மலேசியாவில், கிள்ளானில், ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன். அரை மணி நேர ஓய்வு. போன் திரையில் சின்னம்மாவின் கை தெரிகிறது, அந்தக் கையில் ஒரு மாவுருண்டை தெரிகிறது, அது அக்காவின் வாயை நோக்கிப் போவதும் தெரிகிறது.

"சின்னம்மா, என்ன பண்ணுறீக?"

"நல்ல நெய் விட்டுப் பிடிச்சதுடா. புள்ள வெறும் வயித்தோட கெடக்காளே."

"ரெண்டு வெரல வெட்டுனது பத்தலையா? மிச்சமும் போகணுமா?"

"வாயக் கழுவுடா. ஒண்ணே ஒண்ணு தின்னா என்ன ஆயிரும்? மாத்திரைய ஒண்ணு கூடப் போட்டுக்கிட்டாப் போச்சு."

அத்தான் அந்தப் பக்கமிருந்து, "விடு மாப்ள, பெரியவுக ஆசையாக் குடுக்குறாக" என்றார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. யாரோ போனை எடுத்துக் குப்புறப் போட்டார்கள். திரை கறுப்பாகிவிட்டது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்டிருக்காது, அல்லது கேட்டும் கேட்காத மாதிரி இருந்திருப்பார்கள். அந்த அரை மணி நேரமும் கறுப்புத் திரையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல வெளிநாட்டில் கிடந்து படிக்கிறவர்களுக்கும் நான் கேட்பது இதுதான். நாம் என்ன ஜனம்? விரலை எடுத்துப் படுத்திருக்கிறவளைப் பார்க்க வரும்போது மாவுருண்டை. கண் ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனால் கிரீம் பிஸ்கட்டும் ஒரு பாட்டில் சத்துப் பானப் பொடியும். கையை வீசிக்கொண்டு போனால் மரியாதை இல்லையாம். உள்ளே இருப்பவருக்கு என்ன நோய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டு போகிறோமே, இது என்ன மரியாதை?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு டாக்டர் படிப்பு தெரியாது. இங்கே எனக்குத் தண்ணி கலக்குகிற வேலை. டீ, காப்பி, ஜூஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் 'தண்ணி' என்றுதான் பெயர். வந்த புதிதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, வருகிறவர்களில் பலர் 'கொசோங்' என்று கேட்பதுதான். வெறுமையானது என்று அர்த்தம். சீனியும் கிடையாது, டின்பால் என்கிற இனிப்புக் கட்டிப்பாலும் கிடையாது. சத்தமாகவே கேட்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் கல்லல் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒருத்தர் சீனி வேண்டாம் என்றால் மாஸ்டர் உள்ளே பார்த்து, "சுகர்காரருக்கு ஒண்ணு" என்று குரல் கொடுப்பார். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரலுக்குப் பயந்தே சீனி போட்டுக் குடித்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

லிம் என்று ஒரு சீனப் பெரியவர், டாக்ஸி ஓட்டுகிறவர், தினமும் காலையிலும் சாயங்காலமும் கொசோங் கேட்பார். நல்ல மனிதர். சில்லறை மிச்சத்தை வாங்காமலே போவார். இப்படிப்பட்ட ஆளுக்கு வெறும் கறுப்புத் தண்ணியை எப்படிக் கொடுப்பது என்று எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குச் சப்பென்று கொடுத்து அனுப்பினால் நம் பக்கம் என்ன சொல்வார்கள்? அடியில் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் தலையாட்டினார். பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் சட்டைப் பையிலிருந்து சின்ன மெஷின் ஒன்றை எடுத்து, அதில் இருந்த நம்பரைக் காட்டி என்னவோ கேட்டார். நான், "ஓகே அங்கிள், பாகுஸ், பாகுஸ்" என்றேன். நல்லது நல்லது என்று. சுகர் பார்க்கிற மெஷின் அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் முதலாளியிடம் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்: "இந்த ஆள் எனக்கு நல்லது செய்றதா நினைக்கிறான். என் உடம்புக்குள்ள இவன் கை எதுக்கு?"

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அன்றோடு விட்டேன். இன்றைக்கு வரைக்கும் லிம்முக்கு நான் கொடுப்பது கொசோங்தான்.

சரி, இங்கே கற்றுக்கொண்டாய் அல்லவா, ஊரில் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுத வந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கவிதாவின் பரிசத்துக்கு லீவில் போனேன். முப்பது கிலோ சாமான். சாக்லேட், பிஸ்கட், டின்பால். அந்த மூட்டையை அவிழ்க்காமல் எவனாவது ஊருக்குள் நுழைய முடியுமா? பரிசத்தன்று முற்றத்தில் நின்று, வந்த சம்பந்திகளுக்கெல்லாம் மலேசியா டீயை இந்தக் கையால் ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். டின்பால் அடியில் ரெண்டு விரல் உயரம். அக்கா ஓரமாக நின்றாள். அப்போதே அவளுக்குச் சுகர் வந்து ஆறு வருஷம். "எனக்கு வேணாம்டா" என்று மெதுவாகச் சொன்னாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பெருமையில் நான் கிளாஸை அவள் கையில் திணித்துவிட்டுச் சொன்னேன்: "தம்பி கையால ஒரு நா குடிச்சா ஒண்ணும் ஆயிராது. ஒரு மாத்திரை கூடப் போட்டுக்க."

சின்னம்மா எனக்குப் பின்னால்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் அதை முதலில் சொன்னவன் நான்.

அந்த ஒரு கிளாஸால் விரல் போகவில்லை, எனக்கும் தெரியும். நான் விட்டுவந்த டின்பாலும் சாக்லேட்டும் மூன்று மாசம் இருந்ததாம். அதற்குப் பிறகு தீபாவளி, வளைகாப்பு, மூன்று வேளைச் சோறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை கூட. டாக்டர் போனில் என்னிடமே சொன்னார். மாத்திரையை நம் இஷ்டத்துக்குக் கூட்டுவதே தப்பாம், திடீரென்று சுகர் இறங்கி ஆளே மயங்கிப் போகலாமாம். சுகர் ஏறியே கிடந்தால் காலில் உணர்ச்சி செத்துப்போகும், ரத்தமும் சரியாக ஓடாது, புண் வந்தால் ஆறாது. அக்காவுக்குப் புண் வந்தது மெட்டிக்கு அடியில். கால் வீங்கி, மெட்டி சதைக்குள் இறங்கியிருக்கிறது. கவிதா கழற்றச் சொன்னதற்கு, "புருசன் இருக்கையில கழட்டச் சொல்றியே" என்று சண்டைக்குப் போயிருக்கிறாள். மஞ்சளை அப்பிக்கொண்டு அதன்மேலேயே நடந்திருக்கிறாள். வலித்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாள். வலிக்கவே இல்லை. கடைசியில் நர்ஸ்தான் மெட்டியை வெட்டி எடுத்தது. மூன்று மாசத்தில் சுகர் இறங்காவிட்டால் பாதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று கறுப்புத் திரையாய்ப் போன பிறகு, சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாள்.

"எதுக்குடா அந்தக் கத்துக் கத்துன? சின்னம்மா அழுதுக்கிட்டே பஸ் ஏறிருச்சு. நான் திங்கலைடா. வாயில வாங்கி, அது அங்குட்டுத் திரும்பவும் முந்தானையில துப்பிட்டேன்."

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"அம்புட்டுத் தூரம் வந்திருக்கு, எப்படிடா சொல்றது? பரிசத்தன்னைக்கு ஒங்கிட்டச் சொன்னேன்ல. நீ கேட்டியா?"

அவளாகவே, "சரி, அத விடு. சாப்பிட்டியா?" என்றாள்.

இப்போது தினமும் அங்கே நாலு மணிக்கு அவள் டீ குடிக்கிற நேரம், இங்கே ஆறரை. போனை டின்பால் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு நானும் ஒரு கொசோங் போட்டுக்கொள்கிறேன். அவள் கிளாஸைப் போன் பக்கம் சாய்த்துக் காட்டுவாள். "கழனித்தண்ணியே தேவலைடா" என்பாள். "குடி" என்பேன். "வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு அதிகாரத்தப் பாரு" என்பார் அத்தான். எதிர் மேஜையில் லிம் அவருடைய கொசோங்கை ஊதிக்கொண்டிருப்பார். குடித்து முடித்ததும் கவிதா போனை அக்காவின் காலடிக்குக் கொண்டுபோவாள். நான் விரல்களை எண்ணுவேன். "எட்டு இருக்கு மாமா, போதுமா? நேத்தும் எட்டுதான்" என்பாள். நாளைக்கும் எண்ணுவேன். ராத்திரி குளிக்கும்போது என் காலையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

நேரில் போய் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழிகிற வரைக்கும் லீவு கிடையாது. மூவாயிரம் வெள்ளி, இந்த ஊர்ப் பணம், வாங்கினேன். அறுநூறு கழிந்திருக்கிறது. இன்னும் இரண்டாயிரத்து நானூறு வெள்ளி பாக்கி.